முக்காலே மூன்று வீசம்: நீருக்குள் இறங்கும் முன் போட வேண்டிய கணக்கு

முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் முங்கும் ஸ்கூபாவுக்காக அடுத்த மாதம் அந்தமானுக்குப் போகவிருக்கும் என் அண்ணன் மகள், சென்ற ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் வீட்டு வளவில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். "சித்தப்பா, பதினெட்டு மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?" நான் வாய் திறப்பதற்குள் என் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) பதில் சொல்லிவிட்டார். "சிலிண்டரில் காற்று இருக்கிற வரைக்கும் இருக்கலாம், ஆத்தா. தீரப் போகிறது என்றால் மேலே வந்துவிட வேண்டியதுதான்."

ஸ்கூபா பற்றிக் கேள்விப்பட்ட யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அது பாதி சரி. சிலிண்டரில் குறைகிற கணக்கு ஒன்று. அதைக் காட்ட முள் இருக்கிறது. உடம்புக்குள் ஏறுகிற கணக்கு இன்னொன்று. அதைக் காட்ட முள்ளும் கிடையாது, ஏறும்போது வலியும் கிடையாது. மேலே வந்த பிறகுதான் தெரியும், சில சமயம் பல மணி நேரம் கழித்து. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த இரண்டாவது கணக்கை விட்டுவைக்க முடியாது. கரையில், உலர்ந்த கையோடு, நிதானமான புத்தியோடு போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அன்று மாலை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்கட்டியால் நாங்கள் மூவரும் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். புதிதாகக் கற்றுக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குப் புதியவர்கள் அல்லர். ஊருணியில், கண்மாயில், கமலைக் கிணற்றில் முதுகில் சுரைப்புருடை கட்டி நீந்தப் பழகிய தலைமுறைகள் இவை. கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் கிடைக்காவிட்டால், மூச்சடக்கி முங்கி எடுத்து வர ஊரில் ஓர் ஆள் இருப்பார். அப்பச்சியின் மனதில் இருந்தது அந்த முங்கல்தான். அதற்கும் ஸ்கூபாவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் கணக்கைத் தொடங்கவே முடியவில்லை.

கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த ஒரே மூச்சைத்தான் கீழே கொண்டுபோகிறார். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும்; மேலே வந்தால் பழையபடி விரியும். உடம்பில் புதிதாகச் சேர்வதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டி இறங்கிய முத்துக் குளிப்பவர்களும் அப்படித்தான். ஸ்கூபாவில் நடப்பது வேறு. கீழே இருந்தபடியே மூச்சு வாங்குகிறோம். சுற்றியுள்ள நீர் நெஞ்சை எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில், வாயில் கவ்வும் ரெகுலேட்டர் காற்றைத் தருகிறது. இல்லாவிட்டால் நுரையீரல் விரியாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் ஒன்று என்றால் 10 மீட்டரில் இரண்டு, 18 மீட்டரில் 2.8, 30 மீட்டரில் நான்கு. ஆகவே 18 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சில் கரையில் இழுக்கும் மூச்சைப் போல 2.8 மடங்கு காற்று அடங்கியிருக்கிறது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். இது 1803இல் வில்லியம் ஹென்றி வகுத்த விதி. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் தசைக்கும் கொழுப்புக்கும் மூட்டுக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேர்கிறது. நிதானமாக மேலே வந்தால் வந்த வழியே நுரையீரலுக்குத் திரும்பி மூச்சோடு வெளியேறிவிடும். அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவின் கோலியை அழுத்தியதும் பொங்குவதைப் போல உடம்புக்குள் குமிழிகள் எழும். மூட்டில் எழுந்தால் வலி. தண்டுவடத்தில் எழுந்தால் கால் மரத்துப்போகும், செயலிழக்கவும் கூடும். அழுத்தக் குறைவு நோய் என்று இதைச் சொல்கிறோம். முக்குளிப்பவர்கள் தங்களுக்குள் பெண்ட்ஸ் என்பார்கள்.

இந்த நோயை உலகுக்குப் பரவலாகக் காட்டியவர்கள் கடலில் முங்கியவர்கள் அல்லர், பாலம் கட்டியவர்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் குறுக்கே செயின்ட் லூயிஸிலும், நியூயார்க்கில் புரூக்ளினிலும் 1870களில் பாலத் தூண்களுக்கு அடித்தளம் போட, ஆற்றுப் படுகையில் இறக்கிய பெட்டிகளுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி ஆட்களை வேலை வாங்கினார்கள். வேலை முடித்து மேலே வந்த தொழிலாளர்கள் இடுப்பும் காலும் வளைந்து துடித்தார்கள், பலர் இறந்தார்கள். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இதில் முடங்கினார். குற்றவாளி நைட்ரஜன் குமிழிதான் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878இல் நிறுவினார். காரணம் தெரிந்துவிட்டது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் என்ற கணக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கணக்கைப் போட்டவர் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவரும் பாய்காட், டாமன்ட் என்ற இருவரும் சேர்ந்து அழுத்த அறைக்குள் ஆடுகளை வைத்துச் சோதித்தார்கள். குமிழி கண்ட ஆடு வலி தாங்காமல் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மடங்கு அழுத்தத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு இயல்பு நிலைக்கு வந்த ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். அதைவிட முக்கியமான இன்னொன்று, உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பது. இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்புகள் சீக்கிரம் நிரம்பும். கொழுப்பும் மூட்டும் மெதுவாக நிரம்பும். அதனால் 1908இல் வெளியிட்ட ஆய்வில் ஹால்டேன் உடம்பைக் கணக்குக்காக ஐந்து பிரிவுகளாகப் பகுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதி நேரம்: 5, 10, 20, 40, 75 நிமிடங்கள்.

பாதி நேரம் என்றால் என்ன என்று நான் விளக்கத் தொடங்கியபோதுதான் அப்பச்சி சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். அவர் சிறுவயதில் எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர். அவருடைய தகப்பனார் பர்மாவில் பெட்டியடிப் பையனாக வேலையைத் தொடங்கிக் கணக்கு எழுதி மேலே வந்தவர். நான் சொன்னது இதுதான். பாதி நேரம் 5 நிமிடம் உள்ள பிரிவு, ஆழத்துக்கு இறங்கிய முதல் 5 நிமிடத்தில் தான் ஏற்கக்கூடியதில் பாதியை ஏற்கும். அடுத்த 5 நிமிடத்தில் மீதியில் பாதி. அதற்கடுத்த 5 நிமிடத்தில் மீதியின் மீதியில் பாதி. அப்பச்சி விரல் விட்டுச் சொன்னார்: "அரை. முக்கால். முக்காலே அரைக்கால். முக்காலே மூன்று வீசம்."

அந்த நொடியில் எனக்கு மெய்சிலிர்த்தது. இருபது ஆண்டுகளாக இந்தக் கணக்கைச் சதவீதத்தில் படித்திருக்கிறேன்: 50, 75, 87.5, 93.75. அவை மனதில் நிற்பதே இல்லை. ஒன்றுக்குக் கீழான பின்னங்களைச் சொல்லும் நம் கீழ்வாய் இலக்கமோ பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போவதற்கென்று பிறந்தது. எட்டில் ஒரு பங்கு அரைக்கால். பதினாறில் ஒரு பங்கு வீசம். பதினாறில் பதினைந்து முக்காலே மூன்று வீசம். ஏறத்தாழ முழுவதும் என்று சொல்ல இன்றும் ஊரில் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். நான்கு பாதி நேரம் போனால் ஒரு பிரிவு முக்காலே மூன்று வீசம் நிரம்பிவிடும். ஆறு பாதி நேரம் போனால் மிச்சம் கால் வீசம்தான், அதாவது அறுபத்து நான்கில் ஒன்று. நடைமுறையில் அதை முழுவதும் நிரம்பியதாகவே கொள்கிறார்கள். ஏறிய நைட்ரஜன் குறையும் கணக்கும் அதே வாய்பாடு. மேலே வந்தபின் உடம்பிலுள்ள கூடுதல் நைட்ரஜன் அரையாக, காலாக, அரைக்காலாக, வீசமாகத் தேயும். கொண்டுவந்தது எவ்வளவு, எத்தனை பாதி நேரம் கடந்தது என்று தெரிந்தால் போதும்.

"பாக்கி முழுவதும் தீராது. தேய்ந்துகொண்டே வரும்" என்றார் அப்பச்சி. ஆமாம். இந்தக் கணக்கின் உயிரே அதுதான்.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் என்று காட்டும் அட்டவணைகளில், இன்று கையில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஹால்டேனின் வழியில் வந்தவையே. பிரிவுகளின் எண்ணிக்கையையும் தாங்கும் எல்லையையும் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். பொழுதுபோக்கு ஸ்கூபா செய்கிறவர்கள் பெரும்பாலும் நாடுவது, வழியில் கட்டாயமாக நின்று நின்று வராமல் நேராக மேலே வரக்கூடிய கால வரம்பை. ஸ்கூபா பயிற்சி தரும் பி.ஏ.டி.ஐ. நிறுவனத்தின் அட்டவணைப்படி முதல் முழுக்குக்கு 12 மீட்டரில் அது 147 நிமிடம். 14 மீட்டரில் 98, 16இல் 72, 18இல் 56, 20இல் 45, 25இல் 29, 30இல் 20. 40 மீட்டரில் வெறும் 9. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில் 60 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 18 மீட்டருக்கு, 60 நிமிடம். அது கட்டுறுதியான இளம் மாலுமிகளுக்காகப் போட்டது. குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களுக்காகப் போட்டதன்று.

இந்த எண்களில் நான் அவளை உற்றுப் பார்க்கச் சொன்னது ஓர் இடத்தை. 18 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு இறங்கினால் இழப்பது 11 நிமிடம். ஒரு பவளப் பாறையின் விளிம்பில் ஆமையைப் பார்த்துவிட்டு இரண்டு மீட்டர் கீழே போவது எவ்வளவு எளிது! அட்டவணை அதை மன்னிக்காது. முழுக்கு முழுவதும் 15 மீட்டரில் இருந்துவிட்டு ஒரே ஒரு நிமிடம் 19 மீட்டரைத் தொட்டாலும், முழு நேரமும் 20 மீட்டரில் இருந்ததாகவே அது கணக்கு வைக்கும். ஆழத்தையும் நேரத்தையும் எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். நேரம் என்பதும் அடியில் இருந்த நேரம் மட்டும் அன்று. மேற்பரப்பை விட்டு இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்து, நேராக மேலே ஏறத் தொடங்கும் நொடி வரை அத்தனையும் சேரும்.

இங்கே எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கடலைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகப் போனால் தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அங்கே 5 மீட்டர், 6 மீட்டரில் வேலை செய்பவர்களுக்கு நைட்ரஜன் வரம்பு பெரிய நெருக்கடி தராது. அதனால் ஆழமில்லாத கடலில் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிவதற்கு இரண்டு மீட்டர் போதும். அது வேறு ஆபத்து, வேறு பாடம். ஸ்கூபாவில் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதோடு அதை இங்கே நிறுத்துகிறேன்.

இப்போது அப்பச்சியின் கணக்குக்கு, சிலிண்டருக்கு வருவோம். அவர் சொன்னதில் உண்மை இருந்த பாதி இது. என் அண்ணன் மகளைப் போன்ற புதியவர்களுக்கு முதலில் தீர்வது காற்றுதான்.

12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்துக்குக் காற்று நிரப்பினால் உள்ளே இருப்பது 2,400 லிட்டர். புதியவர் ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். 18 மீட்டரில் அது 2.8 மடங்காகி 56 லிட்டர் ஆகும். 2,400ஐ 56ஆல் வகுக்க அவள் கைப்பேசியை எடுத்தாள். நான் தடுத்தேன். முழுவதையும் வகுக்கக் கூடாது. முதலில் திரும்பி வருவதற்கானதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும்; மிஞ்சியதைத்தான் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வர எவ்வளவு வேண்டும்? துணைக்கு வந்தவரின் ரெகுலேட்டர் பழுதாகி இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சு வாங்கி மேலே வர வேண்டிய நிலையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. ஒருவரையொருவர் பிடித்து நிதானத்துக்கு வர அடியில் ஒரு நிமிடம்: 60ஐ 2.8ஆல் பெருக்க 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டு நிமிடம், சராசரி அழுத்தம் 1.9: 228 லிட்டர். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க 270 லிட்டர். மொத்தம் 666 லிட்டர், அதாவது 55 பாருக்குச் சற்று மேல். படகில் வழக்கமாகச் சொல்வது "50 பார் இருக்கும்போது மேலே வந்துவிடுங்கள்" என்று. 18 மீட்டரில் இருவருக்கு அது போதாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. 30 மீட்டரிலிருந்து இதே கணக்கைப் போட்டால் 1,010 லிட்டர், ஏறத்தாழ 84 பார். ஆழத்துக்கு ஆழம் ஒதுக்கீடு மாறும். எல்லா ஆழத்துக்கும் ஒரே 50 பார் என்று சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆகவே 60 பாரை ஒதுக்கினோம். மிச்சம் 140 பார், 1,680 லிட்டர். 56ஆல் வகுத்தால் 30 நிமிடம். அட்டவணை 56 நிமிடம் தருகிறது, காற்று 30 நிமிடம் தருகிறது. இரண்டில் சிறியதுதான் வரம்பு. அவள் தரையில் 30 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முக்குளிக்கப் பழகப் பழகப் பதற்றம் குறையும், மூச்சு சீராகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழித்தவர் 12 லிட்டருக்கு வருவார். அப்போது அதே சிலிண்டர் அதே ஆழத்தில் 50 நிமிடம் வரும். காற்று மிச்சமாகிறது, நைட்ரஜன் மிச்சமாவதில்லை. புதியவருக்கு 30 நிமிடத்தில் காற்றுத் தீர்ந்து அவரை மேலே அனுப்பி, நைட்ரஜன் வரம்புக்கு அருகிலேயே போகவிடாமல் காத்துவிடுகிறது. அனுபவசாலிக்கு அந்தக் காவல் இல்லை. படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே மூச்சு வாங்கிச் சங்கு குளிப்பவர்களுக்கு அது அறவே இல்லை. சிலிண்டர் தீர்ந்து மேலே வர வேண்டிய கட்டாயமே அவர்களுக்குக் கிடையாது. நாளெல்லாம் கீழே இருக்க முடிவதாலேயே அவர்களுடைய உடம்பு அதிகம் ஆபத்தில் இருக்கிறது. ஆழமும் நேரமும் குறித்த அட்டவணை ஒன்று முதலில் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாவது முழுக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு இரண்டு முழுக்கு என்பதே சுற்றுலாவின் வழக்கம். முதல் ஏட்டின் பாக்கியை அடுத்த ஏட்டின் முதல் வரியில் எழுதாத கணக்குப்பிள்ளை செட்டிநாட்டில் வேலைக்கு நிற்க முடியாது. நீருக்கடியிலும் அப்படியே. பாதி நேரம் 40 நிமிடம் உள்ள பிரிவை எடுத்துக்கொள்வோம். 18 மீட்டரில் 40 நிமிடம் இருந்தால் அது ஏற்கக்கூடியதில் அரை ஏறியிருக்கும். படகில் 40 நிமிடம் உட்கார்ந்தால் கால். 80 நிமிடத்தில் அரைக்கால். இரண்டு மணி நேரத்தில் ஒரு வீசம். ஆக, இரண்டு மணி நேர ஓய்வு அந்தப் பிரிவை ஏறத்தாழச் சுத்தம் செய்துவிடுகிறது. முக்கால் மணி நேர ஓய்வு செய்வதில்லை. பாதி நேரம் 120 நிமிடம் உள்ள மெதுவான பிரிவோ அந்த இரண்டு மணி நேரத்தில் பாதிதான் தேய்ந்திருக்கும். நாள்தோறும் முங்கும்போது சேர்ந்துகொண்டே போவது அந்த மெதுவான பிரிவுகளில்தான்.

அட்டவணைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை கரையோய்வை 120 நிமிடப் பிரிவை வைத்துக் கணக்கிட்டது. பழைய பாக்கி முற்றிலும் மறைய 12 மணி நேரம் ஆகும் என்றது. பி.ஏ.டி.ஐ. அட்டவணை 60 நிமிடப் பிரிவை வைத்து 6 மணி நேரம் என்கிறது. கட்டாய நிறுத்தத்துக்கு இடமே இல்லாத முழுக்குகளுக்கு மட்டும் அது செய்யப்பட்டது என்பதால் அந்தச் சலுகை. ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் முதல் முழுக்கைப் பார்த்துவிட்டு இன்னொன்றின் அட்டவணையில் இரண்டாவதைப் பார்ப்பது, இரண்டு ஊர் மரக்காலை வைத்து ஒரே நெல்லை அளப்பதைப் போன்றது. இரண்டாவது முழுக்கை முதலாவதைவிட ஆழம் குறைத்து வைத்தால் பாக்கியோடு சேர்த்தும் போதிய நேரம் கிடைக்கும். 12 மீட்டருக்கும் 14 மீட்டருக்கும் இடையில் பவளப் பாறையில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

"கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளாதா?" என்றாள். பார்த்துக்கொள்ளும். நம்மைவிட நன்றாகவே பார்த்துக்கொள்ளும். சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகுத்த 16 பிரிவுக் கணக்கு பல கருவிகளுக்கு அடிப்படை. சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து ஒவ்வொரு பிரிவிலும் ஏறியதையும் இறங்கியதையும் அது கூட்டிக் கழிக்கிறது. 19 மீட்டரில் இருந்த ஒரு நிமிடத்தை ஒரு நிமிடமாகவே எண்ணும். ஆனால் அதற்குத் தெரிவது ஆழமும் நேரமும்தான். முந்தின இரவு அவள் தூங்கவில்லை என்பதும், படகில் வாந்தி எடுத்து உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்பதும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்திருக்கிறாள் என்பதும் அதற்குத் தெரியாது. இவை ஒவ்வொன்றும் வரம்பைச் சுருக்க வேண்டிய காரணங்கள். ஒருவர் கருவியை இருவர் நம்பி இறங்குவதும் கூடாது. பக்கத்தில் நீந்துபவர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் அவருடைய கணக்கு வேறு. இன்னொன்று, 30 மீட்டரை நெருங்கும்போது அழுத்தத்தில் கரைந்த அதே நைட்ரஜன் புத்தியை மங்கச் செய்கிறது. திரையில் எண் தெரியும், அதன் பொருள் உறைக்காது. கரையில் மனதில் பதிந்த எண் ஒன்று இருந்தால் அந்த மயக்கத்திலும் அது தடுத்து நிறுத்தும். கருவி சொல்வதும் கரையில் போட்ட கணக்கும் வேறுபட்டால் சிறியதற்குக் கட்டுப்படு என்று அவளிடம் சொன்னேன்.

மேலே வருவதற்கும் நேரம் ஒதுக்கியாக வேண்டும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் கால் பங்குதான் குறைகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது பாதியாகிவிடுகிறது. எல்லாரும் அவசரப்படுவது அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான், வெளிச்சமும் படகும் தெரிவதால். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். வரம்புக்குள் இருந்தாலும் அந்த மூன்று நிமிடத்தை விடக் கூடாது.

இனி, பயணச் சீட்டு. இதை நான் வலியோடு கற்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணத்தின் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கடைசி முழுக்கை முடித்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம் ஏறினேன். அழைத்துப்போனவர்கள் விமானம் எப்போது என்று கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. நடு வானில் இடது தோளில் ஆழமான வலி தொடங்கியது. பையைத் தூக்கிய வலி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த நோய் வந்த முக்காலே மூன்று வீசம் பேர் முதலில் செய்வது அதைத்தான். மறுநாள் இரவு விரல் நுனிகள் மரத்த பிறகே மருத்துவரிடம் போனேன். ஆக்சிஜன் கொடுத்தார்கள், மெல்லச் சரியானது. சரியாகாமலும் போயிருக்கலாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருப்பதில்லை. 1,800 மீட்டர் முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். உடம்பில் எஞ்சியிருக்கும் நைட்ரஜனுக்கு அது இன்னொரு ஏற்றம். ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல முழுக்குகள் அல்லது பல நாட்கள் என்றால் 18 மணி நேரம். வழியில் கட்டாயமாக நின்று வர வேண்டியிருந்த முழுக்கென்றால் அதைவிடக் கணிசமாக அதிகம் இடைவெளி வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நெறி. நான் 14 மணி நேரம்தான் விட்டிருந்தேன். நான் இப்போதெல்லாம் முழுதாக ஒரு நாள் விடுகிறேன்.

விமானத்தில் ஏறாமலே இதே தவறு நேரலாம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். கடலில் முங்கிவிட்டு அன்றே காரில் கொடைக்கானலுக்கு ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றே. காரைக்குடிக்குத் திரும்புவதில் அந்தச் சிக்கல் இல்லை. நம் ஊர் சமவெளி.

வலியோ மரத்துப்போவதோ காரணமில்லாத களைப்போ தோலில் தடிப்போ கண்டால் ஆக்சிஜன், மருத்துவர், உடம்பை மீண்டும் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் மறு அழுத்த அறை, இந்த வரிசையில் தாமதமின்றிப் போக வேண்டும். அருகில் மறு அழுத்த அறை எங்கே இருக்கிறது என்று படகில் ஏறுவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதி வைத்தாள்.

பிறகு அவள் தன் பயணத் திட்டத்தை எடுத்துத் தரையில் பரப்பினாள். ஸ்வராஜ் தீவில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு முழுக்கு, நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) விமானம். முதல் நாள் காலை 18 மீட்டர், 30 நிமிடம். இரண்டு மணி நேர ஓய்வு. அடுத்தது 12 மீட்டர், 40 நிமிடம். அதன் காற்றுக் கணக்கையும் பாக்கியையும் அவளே போட்டாள், நான் சரிபார்த்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை முழுக்கு பத்தரை மணிக்கு முடியும். விமானத்துக்கு இருபதரை மணி நேரம் இருக்கிறது. பிற்பகல் முழுக்கு நான்கு மணிக்கு முடியும். பதினைந்து மணி நேரம்.

பணம் கட்டியாயிற்றே என்று ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கட்டியை எடுத்து அந்த வரியை அவளே அடித்தாள். அப்பச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிஞ்சிய ஐந்து முழுக்குகளின் நிமிடங்களை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டிப் பார்த்தார்.